குண்டு போய்ச் சேரும் இடம்

விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் ஹெக்டர் ரென்னி 'எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தார். பெரிய பெரிய எழுத்து. 'இல்லை'க்கு அடியில் ஒரு கோடு வேறு. என் சந்தேகம் அந்தக் கோட்டில்தான் ஆரம்பித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. உண்மை அப்படி இல்லை. அவர் துப்பாக்கியைக் கையில் வாங்கிய விதத்தைப் பார்த்த பிறகுதான் நான் போய் அந்த விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன்.

டாரக் பள்ளத்தாக்கில் மான் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வருடத்தில் நான்கு முறை பயிற்சி நடத்துகிறேன். முதல் நாள் சுடுவது, இரண்டாம் நாள் மலை, மூன்றாம் நாள் சட்டமும் சுத்தமும், நான்காம் நாள் தேர்வு. அங்குள்ள வேட்டை எஸ்டேட்டின் இறைச்சிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ஆர்ச்சி எனக்குத் துணை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியே அவன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டினான்.

அந்த அக்டோபரில் மூன்று பேர் வந்திருந்தார்கள். எடின்பரோவிலிருந்து கிளைவ், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர். கடையில் அன்றுதான் வாங்கிய பச்சை உடுப்பு, விலைச்சீட்டு இன்னும் காலரில் தொங்கிக்கொண்டிருந்தது. பெர்த்திலிருந்து ஊனா. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது ரென்னி. இன்வர்கார்டனில் கூரை வேலை செய்பவர், ஐம்பத்தொரு வயது. குட்டையான ஆள், அகலமான கை. பேசும்போது கண்ணைப் பார்க்காமல் நம் காது நுனியைப் பார்ப்பார்.

முதன்முதலில் துப்பாக்கியை வாங்குகிறவர்கள் அதைப் பிறந்த குழந்தையைப் போலவோ பாம்பைப் போலவோதான் பிடிப்பார்கள். ரென்னி குடையை வாங்குவது போல வாங்கினார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போல்ட்டைப் பின்னால் இழுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டு, குண்டு இல்லை என்று தடவிப் பார்த்துக்கொண்டார். நான் அதை இன்னும் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

பிறகு சுட்டார்கள். நூறு மீட்டரில் ஒரு காகிதம், அதில் சாஸர் அளவுக்கு ஒரு வட்டம், ஆளுக்கு மூன்று குண்டு. கிளைவுக்கு ஒன்று வட்டத்தில், ஒன்று ஓரத்தில், ஒன்று எங்கே போனது என்றே தெரியவில்லை. ஊனாவுக்கு இரண்டு உள்ளே. ரென்னிக்கு மூன்றுமே வெளியே, வட்டத்துக்கு இடது பக்கம் ஒரு சாண் தள்ளி. ஆனால் அந்த மூன்று துளைகளையும் ஒரு பென்னிக் காசை வைத்து மூடிவிடலாம்.

"தள்ளிப் போயிடுச்சே," என்றார் ரென்னி, என் காதைப் பார்த்து. "கை நடுங்குது போலிருக்கு."

நடுங்குகிற கை குண்டுகளைச் சிதறவிடும். ஒரே இடத்தில் அடுக்கி வைக்காது. துப்பாக்கியைக் குறை சொல்லவும் வழியில்லை, அதே துப்பாக்கியால்தான் ஊனா சுட்டிருந்தார். இந்த மனிதர் வட்டத்தை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் தானே ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, அதில் மூன்று குண்டைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

தேநீர் நேரத்தில் ஆர்ச்சியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அந்த ரென்னி வேணும்னே தப்பா சுடறான்."

"ஆரம்பிச்சிட்டியா?" என்றான் ஆர்ச்சி. "போன வருஷம் பறவை பாக்க வந்த அந்தப் பாதிரியாரை என்ன பாடு படுத்தினே? உன் பேச்சைக் கேட்டு கான்ஸ்டபிள் மன்ரோ ரெண்டு மணி நேரம் அவர் காரைக் குடைஞ்சாரு. கடைசியில என்ன கிடைச்சுது? சார்டின் மீன் டப்பா."

"அவருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பை?"

"சாப்பாட்டுக்கு, இஷ்பெல். பாதிரியாருக்கும் பசிக்கும்."

அவன் சிரிப்பதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கும் காரணம் இருந்தது. முந்தின இரண்டு குளிர்காலத்திலும் யாரோ எங்கள் மலையில் பெண்மான்களைத் திருட்டுத்தனமாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மானைத் தூக்கிப் போய்விடுவார்கள். குடலும் இரைப்பையும் மட்டும் கிடக்கும், மேலே பாசிப் புல்லை வெட்டி அழகாக மூடியிருப்பார்கள். ஏழு இடத்தில் நான் அந்தப் புல்லை உரித்துப் பார்த்திருக்கிறேன். மானைக் கிழிக்கும் முன்பு, தின்ற புல் வழிந்து இறைச்சியைக் கெடுக்காமலிருக்க, உணவுக்குழாயை முடிச்சுப் போடுவோம். அந்த முடிச்சு இரைப்பையோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். ஏழு இடத்திலும் ஒரே முடிச்சு. குழாயில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, நுனியை அதற்குள் இரண்டு தரம் நுழைத்து இழுத்திருந்தது. அந்த மாதிரி முடிச்சை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. எந்தப் பயிற்சியிலும் யாரும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

மறுநாள் மலைக்குப் போனோம். கலைமான்கள் பெண்மான்களுக்காகக் கத்துகிற பருவம். பள்ளத்தாக்கு முழுக்க அந்த உறுமல். காற்றின் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் சொல்ல வாயெடுக்கும்போதே ரென்னி கன்னத்தை ஒரு பக்கம் திருப்பியிருந்தார். நான் தொலைநோக்கியில் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ வெறும் கண்ணால் எதிர்ச் சரிவில் ஒரே இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த இடத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பினேன். ஒரு கலைமான் படுத்திருந்தது.

"அது அங்க இருக்குன்னு எப்ப பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"எது?" என்றார்.

சதுப்பில் வயிற்றால் ஊர்ந்து போனோம். கிளைவ் இரண்டு தரம் பூட்ஸைச் சேற்றில் விட்டார். ஊனா அவர் பின்னால் ஊர்ந்தபடி, "வாயைத் திறந்து வெச்சிக்கிட்டு ஊராதீங்க, ஈ போயிடும். முப்பது வருஷமா இதைத்தான் பாத்தேன்," என்றார். சிரிப்புக்கு நடுவில் ரென்னி என் பக்கத்தில் வந்தார்.

"மிஸஸ் கில்லிஸ், மானைத் தாண்டிப் போற குண்டு எங்க போகும்?"

"பின்னாடி மண்ணு இருந்தா மண்ணுக்குள்ள போகும்."

"இல்லேன்னா?"

"மண்ணு இல்லேன்னா சுடவே கூடாது. மானுக்குப் பின்னாடி வானம் தெரிஞ்சா விரலை எடுத்துடணும். இதுல பேச்சே இல்லை."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் வந்தார். "எவ்வளவு தூரம் போகும்?"

"மூணு மைல் போனாலும் போகும்."

"அரை மைல்ல ஒரு ஆளு நின்னா?"

"ஆளு செத்துடுவான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா," என்றார். இந்தத் தடவை என் காதைக்கூடப் பார்க்கவில்லை. அரை மைல் தள்ளி நிற்கிற ஆளைப் பற்றி இந்த மனிதருக்கு என்ன கவலை என்று யோசித்துக்கொண்டே ஊர்ந்தேன்.

மதியத்துக்குள் நானே ஒரு நோஞ்சான் கலைமானைச் சுட்டேன். பயிற்சிக்கு ஒன்று வேண்டும். ஊனா தானாகவே கத்தியைக் கேட்டு வாங்கி வயிற்றுப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். கிளைவின் முகம் அவருடைய பச்சை உடுப்பின் நிறத்துக்கு மாறியிருந்தது.

"ரென்னி, நீங்க கழுத்தைப் பாருங்க," என்றேன். "நேத்து கயிறுல காட்டினேனே, அந்த முடிச்சு."

அவர் மண்டியிட்டார். கத்தி இரண்டே இழுப்பில் கழுத்தைத் திறந்தது. மூச்சுக்குழாயிலிருந்து உணவுக்குழாயைப் பிரித்தார். அங்கே ஒரு கணம் நிறுத்தினார். நான் காட்டியது எது என்று யோசித்திருப்பார். ஆனால் கை யோசிக்கவில்லை. குழாயில் ஒரு சின்னக் கீறல், நுனி உள்ளே ஒரு தரம், இன்னொரு தரம், ஒரு இழுப்பு.

நான் வேறு பக்கம் திரும்பி, பையில் எதையோ தேடுவது போல நின்றேன்.

அன்று மாலை மன்ரோவுக்கு போன் செய்ய எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். 'ஒரு முடிச்சைப் பார்த்தேன்' என்று சொன்னால் அந்த மனிதர் என்னிடம் சார்டின் டப்பாவைப் பற்றி விசாரிப்பார். கையில் வேறு ஏதாவது வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம், எல்லோரும் உள்ளே சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது, நான் செய்தது சரியில்லை. ரென்னியின் வெள்ளை வேன் பூட்டாமல் நின்றிருந்தது. கதவைத் திறந்து உள்ளே ஏறினேன். இரவில் மான் தேடும் விளக்கோ, தோட்டாவோ, ரத்தக் கறை படிந்த சாக்கோ கிடைக்கும் என்று நினைத்தேன். ஈயத் தகடு, ஆணி டப்பா, ஒரு பழைய கம்பளிச் சட்டை, இவ்வளவுதான். சீட்டுக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம், குழந்தைகள் வாங்குகிற மாதிரி. தேர்வுக் கேள்விகளை அதில் எழுதியிருந்தார். நீளமான வார்த்தைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, மேலே எப்படிச் சொல்வது என்று குறித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு படம். மலை முகடு, அதன் மேல் ஒரு மான், முகட்டைத் தாண்டி ஒரு நீண்ட கோடு. கோடு முடியும் இடத்தில் ஒரு வீடு. வீட்டு வாசலில் ஒரு ஆள். பக்கத்தில் 'காலை 7' என்று எழுதி வட்டம் போட்டிருந்தது.

அந்த முகடு எனக்குத் தெரியும். எங்கள் வடக்கு முகடு. அந்த வீடும் தெரியும். ஆர்ச்சியின் அக்கா எஃபியின் சிறு பண்ணை.

"எதையாவது தொலைச்சிட்டீங்களா, மிஸஸ் கில்லிஸ்?"

ரென்னி வேனின் பின்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் பாதி கடித்த ரொட்டி.

எனக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. நோட்டை உயர்த்திக் காட்டினேன். "இது என்ன? எஃபி வீட்டு வாசல்ல யாரை நிக்க வெச்சிருக்கீங்க? காலை ஏழு மணிக்கு என்ன?"

அவர் ரொட்டியைப் பார்த்தார். அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"அந்த அம்மாதான் நிக்கறாங்க," என்றார். "நான் நிக்க வெக்கலை."

"சுத்தி வளைக்காதீங்க. என் மலையில மான் திருடினது நீங்கதானே? முடிச்சைப் பாத்தேன்."

"நாலு என்னுது. மத்ததை என்கிட்ட கேக்காதீங்க. என் தம்பியைப் பத்தி நான் பேச மாட்டேன்." அவர் வேனின் படியில் உட்கார்ந்தார். "எங்க அப்பா ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தாரு. மானு, முடிச்சு, காத்து, எல்லாம். படிக்க மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கலை. போன பிப்ரவரியில விடியற நேரத்துல அந்த முகட்டு மேல ஒரு பெண்மான் நின்னுது. பின்னாடி வெறும் வானம். சுட்டேன். தப்பிப் போயிடுச்சு. நானும் வீட்டுக்குப் போயிட்டேன், அதைப் பத்தி நினைக்கக்கூட இல்லை."

"அப்புறம்?"

"மூணு வாரம் கழிச்சு ஒரு அம்மா போன் பண்ணாங்க. தண்ணித் தொட்டி பனியில வெடிச்சிடுச்சு, ஒழுகுது, வந்து பாக்கறியான்னு. போனேன். வெடிச்ச தொட்டி தகரம் கிழிஞ்சு இருக்கும். இது அப்படி இல்லை. உருண்டையா ஒரே ஒரு ஓட்டை, இந்த உயரத்துல." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "தொட்டியைக் காலி பண்ணினேன். அடியில சேத்துக்குள்ள இது கிடந்துது."

சட்டைப் பையிலிருந்து, ரொட்டிக்குப் பக்கத்திலிருந்து, நசுங்கிய ஒரு செம்புக் குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"தினமும் எத்தனை மணிக்குத் தண்ணி எடுப்பீங்கன்னு கேட்டேன். ஏழு மணிக்கு, கோழிக்குன்னு சொன்னாங்க. நான் சுட்டது ஏழாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது."

எந்தக் குண்டை வேண்டுமானாலும் யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டவர்கள் சொல்லும் கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அதில் பாதிக்கு எனக்குக் கண்ணீர்கூட வந்திருக்கிறது.

"அதுக்கு எதுக்குப் பயிற்சி? மான் பக்கமே போகாம இருந்துடலாமே?"

"இருந்துடலாம்," என்றார். "ஆனா எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்னு நினைச்சிட்டு இருந்தேன். அதுவும் சரியாத் தெரியலைன்னா வேற என்னதான் தெரியும் எனக்கு? முதல்லேருந்து கத்துக்கணும்னு வந்தேன். தெரிஞ்சவன்னு காட்டிக்கிட்டா நீங்க கேள்வி கேப்பீங்க. அதான் தள்ளிச் சுட்டேன்."

"அதுலயும் மூணையும் ஒரே இடத்துல வெச்சீங்க."

"கை கேக்க மாட்டேங்குது," என்றார்.

நோட்டை அவரிடம் கொடுத்தேன். வேனுக்குள் நுழைந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "நாளைக்குத் தேர்வுக்கு வாங்க, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்," என்று மட்டும் சொன்னேன். வராமல் ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஓடினால் எனக்கும் வேலை சுலபம்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு எஃபியின் பண்ணையில் போய் நின்றேன். தொழுவத்துக்குப் பக்கத்தில் அந்தத் தொட்டி. நெற்றி உயரத்தில் ஈயத் தகட்டால் ஒட்டு போட்டு, ஓரத்தைச் சுத்தமாகத் தட்டியிருந்தது. ஒட்டுக்கு முதுகைக் காட்டி நின்று எதிரே பார்த்தேன். நேரே வடக்கு முகடு. நடுவில் மரமில்லை, மேடில்லை, எதுவுமில்லை.

ஏழு மணிக்கு எஃபி வாளியோடு வந்தாள். அறுபத்தைந்து வயது, தம்பி ஆர்ச்சியின் பழைய கோட்டுதான் அவளுக்கு எப்போதும்.

"என்னடி இங்க? எந்தப் பாதிரியாரைத் தேடறே?"

"தொட்டியைப் பாக்க வந்தேன். யாரு ஒட்டினது?"

"இன்வர்கார்டன்லேருந்து ஒரு கூரைக்காரன். நல்ல வேலைக்காரன், ஆனா ஒரு மாதிரி ஆளு. கூலியே வேண்டாம்னுட்டான். ஸ்கோன் பன்னு ரெண்டு தின்னான். நான் எப்ப எழுந்திருக்கறேன், எப்ப தண்ணி எடுக்கறேன்னு துருவித் துருவிக் கேட்டான். என்னைக் கட்டிக்கப் பாக்கறானோன்னு நினைச்சேன்."

அவள் ஒட்டின் முன்னால் நின்று குழாயைத் திறந்தாள். தகட்டின் நடுவும் அவள் பின்மண்டையும் ஒரே மட்டத்தில் இருந்தன. வாளி நிறைய ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆனது.

தேர்வுக்கு ரென்னி எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

அன்று துப்பாக்கிகள் ஆர்ச்சியின் பொறுப்பு. அவனிடம் காலையில் சொல்லியிருந்தால், கையில் துப்பாக்கி உள்ள இரண்டு ஆண்களுக்கு நடுவில் நான் நின்றிருப்பேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ரென்னி சுடப் படுத்தபோது அவருக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் நானே நின்றேன். அவர் அன்று தள்ளிச் சுடவில்லை. எல்லாம் வட்டத்துக்குள். கிளைவ் வாயைப் பிளந்துவிட்டு, பிறகு ஊனாவைப் பார்த்து அவசரமாக மூடிக்கொண்டார்.

பாதுகாப்புத் தேர்வு மலைச் சரிவில். பலகையில் வெட்டிய மான்களை நட்டு வைத்து, 'சுடலாமா, கூடாதா, ஏன்?' என்று கேட்பேன். முகட்டு மேல் நின்ற பலகைக்கு ரென்னி, "கூடாது," என்று நான் கேட்டு முடிக்கும் முன்பே சொன்னார். அடுத்தது மண்மேட்டுக்கு முன்னால் வைத்தது, தாராளமாகச் சுடலாம். அதை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை. சதுப்பு."

"போய்ப் பாத்துட்டு வரலாமா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகுதான் "சுடலாம்" என்றார். எழுத்துத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணில் தவறினார். நேரம் போதவில்லை. கடைசி நான்கு கேள்விகளை அவர் படித்தே முடிக்கவில்லை.

கிளைவும் ஊனாவும் சான்றிதழோடு கிளம்பிப் போனார்கள். துப்பாக்கிகளை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் ஆர்ச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேனுக்குள் புகுந்தது உட்பட.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே முற்றத்துக்குப் போய் ரென்னியின் முன்னால் நின்றான்.

"எஃபி என் அக்கா," என்றான்.

ரென்னிக்கு அது தெரியாது. அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். "அடிக்கணும்னா அடிச்சுக்கங்க," என்றார்.

"அடிச்சா எனக்குத்தான் கை வலிக்கும். வண்டியை எடு. அவகிட்ட நீயே சொல்லு."

மூன்று பேரும் போனோம். எஃபி கோழிக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரென்னி தொப்பியைக் கழற்றி நின்றபடியே சொன்னார். குண்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை விரலால் உருட்டிப் பார்த்தாள், பிறகு தொட்டியைப் பார்த்தாள், பிறகு முகட்டைப் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தொட்டியை ஒட்ட வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

"தைரியம் வரலை."

"ஸ்கோன் தின்ன மட்டும் தைரியம் வந்துச்சு. ரெண்டு."

ரென்னி தலையைக் குனிந்துகொண்டார். தேம்புகிறார் என்பது தோளிலிருந்து தெரிந்தது. எஃபி அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதது போல இருந்தாள். எழுந்து கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை போட்டாள். வேனின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கக்கா போறே?" என்று கேட்டான் ஆர்ச்சி.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு. இவன் சொல்லுவான், நான் கேட்டுட்டு இருப்பேன். தனியா அனுப்பினா வழியில வேற எங்கயாவது திரும்பிடுவான்."

அப்படித்தான் போனார்கள். மான் திருடியவரும் அவர் தெரியாமல் கொல்ல இருந்த பெண்ணும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பதினெட்டு மைல்.

மாலையில் மன்ரோ எனக்கு போன் செய்தார். "இஷ்பெல், ஒரு ஆளு வந்து நாலு மான் திருடினேன்னு தானாவே சொல்றான். கூட ஒரு அம்மா உக்காந்து, அவன் எதையாவது விட்டுட்டா ஞாபகப்படுத்தறாங்க. நீ யாரையாவது மிரட்டினியா?"

"மிரட்டலை. ஆனா அவரு வேனைத் திறந்து தேடினேன். அதையும் எழுதிக்கங்க."

அவர் எழுதிக்கொண்டாரா என்று தெரியாது. பெருமூச்சு மட்டும் கேட்டது.

துப்பாக்கி யாருடையது என்று கேட்டதற்கு, அப்பாவுடையது, கடலில் போட்டுவிட்டேன் என்று ரென்னி சொன்னாராம். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. தம்பியின் பேரை அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை. கோர்ட்டில் இருநூறு மணி நேரம் சம்பளமில்லாத வேலை என்று தீர்ப்பானது. துப்பாக்கி உரிமம் அவருக்கு இனிமேல் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தம்பி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்தக் குளிர்காலம் எங்கள் மலையில் திருட்டு எதுவும் கண்ணில் படவில்லை. தம்பியும் பயந்துவிட்டான் என்கிறான் ஆர்ச்சி. இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொண்டிருப்பான் என்கிறேன் நான்.

ஏப்ரல் மாதம் எழுத்துத் தேர்வை மறுபடியும் எழுத ஒரு விண்ணப்பம் வந்தது. அதே பெரிய எழுத்து. முன் அனுபவம் என்ற இடத்தில் 'உண்டு' என்று இருந்தது. அடிக்கோடு இல்லை.

வந்து எழுதினார். இந்தத் தடவை எல்லாக் கேள்வியையும் முடித்தார். உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். தேறிவிட்டார், அதுவும் நல்ல மதிப்பெண்ணில். நான் அவர் விடைத்தாளைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருடைய விடைத்தாளோடு வைத்து இரண்டு தரம் ஒப்பிட்டேன். தப்புகள் வேறு வேறாக இருந்தன.

"இதை வெச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று சான்றிதழைக் கொடுக்கும்போது கேட்டேன். "உங்ககிட்ட யாரும் துப்பாக்கி கொடுக்கப் போறதில்லை."

"தெரியும்," என்றார். "மாட்டி வெக்கப்போறேன். எங்க வீட்டுல பரீட்சை பாஸ் பண்ணின முதல் ஆளு நான்தான்."

அவர் சொன்னதை நான் நம்பினேன். எப்போது நம்ப ஆரம்பித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் முற்றத்தைத் தாண்டி வேனுக்குப் போகும் வரை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாதி வழியில் ஆர்ச்சி கொட்டகைக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"ஏய் கூரைக்காரா! இங்க மழைத் தண்ணி நேரா என் கழுத்துல விழுது. ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயேன்."

ரென்னி நின்றார், கூரையை அண்ணாந்து பார்த்தார், ஏணியை இறக்கப் போனார். நான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஏணியின் அடியை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். ஆர்ச்சியை நம்பி விட முடியாது.